தொழில் தெரிந்து எழுதிய புத்தகங்கள்: அண்மையில் வாசித்தவை, அடுத்து எதை எடுக்கலாம்?

அரசரடி வாசகன்:

எல்லோருக்கும் வணக்கம். அண்மையில் முடித்த புத்தகங்களைப் பற்றி என் கருத்தை வைக்கிறேன். வகை ஒன்றுக்கொன்று ஒட்டாது: குறுநாவல், மொழிபெயர்ப்பு, மர்மக் கதை, அகழாய்வு வெளியீடு, ஆயிரம் பக்க வரலாற்று நாவல். எல்லாவற்றையும் ஒரே கேள்வியோடுதான் வாசித்தேன். எழுதியவருக்கு அந்தத் தொழில் தெரியுமா? மாடு பிடிக்கிறவனை எழுதினால் கை எங்கே விழ வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். வைத்தியரை எழுதினால் விரல் நாடியில் எப்படி உட்காரும் என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தவர் எழுத்தில் கதை தானாக நம்பும்படி ஆகிவிடுகிறது. தெரியாதவரை எத்தனை அழகான நடையும் காப்பாற்றுவதில்லை.

இந்த அளவில் முதலிடம் சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. 1959இல் வந்தது. ஒரே பிற்பகல், ஒரே ஜல்லிக்கட்டுத் திடல். காளை வாடியை விட்டு வெளியே வரும் கணத்தை எத்தனை துண்டாகப் பிரித்துக் காட்டுகிறார் பாருங்கள்: மாடு தலையை எந்தப் பக்கம் திருப்புகிறது, திமிலுக்குக் கை போகிற நேரம், கால் தரையை விடுகிற நேரம். ஒரு கிழவர் பேசிக்கொண்டே இருக்கிறார். ஜல்லிக்கட்டையே பார்த்திராத வாசகனுக்கும் விளையாட்டின் முறை எல்லாம் அவர் வாய்வழியாக வந்து சேர்ந்துவிடுகிறது. மாடு பிடிக்க வந்த பிச்சி தீர்க்க வேண்டிய கணக்கும் ஜமீன்தாரின் கௌரவமும் இந்த நுணுக்கத்தின் மேல்தான் நிற்கின்றன. ஒரே மூச்சில் வாசிக்க வேண்டிய புத்தகம். பாதியில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்தால் அந்த இறுக்கம் விட்டுப்போகும்.

தாராசங்கர் பந்தோபாத்யாயவின் ‘ஆரோக்கிய நிகேதனம்’, த.நா. குமாரஸ்வாமி மொழிபெயர்ப்பு. நாடி பார்த்து மரணத்தை முன்கூட்டிச் சொல்லிவிடும் ஜீவன் மசாய், புது மருந்துகளோடு வரும் இளம் டாக்டர். இதை நாட்டு வைத்தியமா இங்கிலீஷ் வைத்தியமா என்ற பட்டிமன்றமாக வாசித்தால் பாதிப் புத்தகம் கைநழுவிப் போகும். தெரிந்ததை நோயாளியிடம் சொல்லலாமா கூடாதா என்பதுதான் உள்ளே ஓடும் கேள்வி. ஜீவன் மசாய் தன் சொந்த மகனின் நாடியில் விரல் வைக்கும் இடம் அதன் உச்சம். குறை ஒன்று உண்டு. பெயர்களும் உறவுமுறைகளும் வங்காள முறையில் குவிவதால் தொடக்கத்தில் யார் யாருக்கு என்ன வேண்டும் என்று பிடிபட நேரம் எடுக்கும்.

‘எரியும் பனிக்காடு’ நாவலை எழுதிய பி.எச். டேனியல் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர். ஆங்கில மூலம் 1969இல் வந்தது. தமிழில் தந்தவர் இரா. முருகவேள். மேஸ்திரி கொடுக்கும் முன்பணம் எப்படிக் கடனாகிறது, கம்பளிக்கும் அரிசிக்கும் பிடித்தது போக ஆண்டுக் கடைசியில் ஏன் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பதைக் கணக்குப் பேரேடு மாதிரி வரிசையாகக் காட்டுகிறார். கூலித் தம்பதி கருப்பனும் வள்ளியும் மனதில் நிற்பதற்கு அந்தக் கணக்கே காரணம். வசனம் சில இடங்களில் விளக்கவுரை ஆகிவிடுகிறது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எஸ். ராமகிருஷ்ணனின் ‘சஞ்சாரம்’ கரிசல் பக்கத்து நாதஸ்வரக்காரர்களைப் பற்றியது, 2018 சாகித்ய அகாதெமி விருது பெற்றது. கலைஞர்கள் படும் அவமானம் பதிந்த அளவுக்கு வாத்தியத்தின் வேலை பதியவில்லை என்பது என் கருத்து.

மர்ம வகையில் நம் மதுரையிலேயே வாழ்ந்து 2024இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டு விடு கருப்பா’. ஊர்க்காவல் தெய்வத்தின் மேல் உள்ள பயத்தை வைத்தே கதையை ஓட்டுகிறார். நம்பிக்கைக்கும் மனநோய்க்கும் நடுவில் வாசகனைக் கடைசி வரை நிற்க வைக்கிறார். இதுவும் ஒரு தொழில்திறம்தான், குறைத்துப் பேச மாட்டேன். தொடர்கதைக் கட்டுமானம் என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு திடுக்கில் முடியும். ஒரே நாளில் முழுவதையும் வாசித்தால் அந்தத் திடுக் மரத்துப்போகிறது. ஒரு அமர்வுக்கு மூன்று நான்கு அத்தியாயம் சரியாக இருக்கும்.

தொல்லியல் துறையின் கீழடி வெளியீடு (2019) சிறியது, படங்கள் நிறைய. அதைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கி.மு. 580 என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது எதற்கான தேதி, எதற்கு இல்லை?

கடைசியாக சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’. ஆயிரம் பக்கத்துக்கு மேல். காவலும் களவும் தொழிலாகக் கொண்ட தாதனூர் என்ற ஊர் வரும் பகுதிகள் அபாரம். அதற்கு முன்னால் விஜயநகரம், நாயக்கர், கோட்டை என்று அரசர்கள் வரும் நீண்ட பகுதியில் வாசிப்பு தேங்குகிறது. என்ன முறையில் வாசித்தால் அது பிடிபடும்? இதே அளவில், தொழில் தெரிந்து எழுதிய வேறு புத்தகங்களும் சொல்லுங்கள். எந்த வகையானாலும் சரி.


யானைமலை:

அண்ணே, காவல் கோட்டத்தில் நீங்கள் சொல்லும் தேக்கம் பலருக்கும் வருவது. காரணம் எளிது. அந்த நாவலுக்கு ஒற்றைக் கதாநாயகன் கிடையாது. 1310ஐ ஒட்டித் தொடங்கி 1910 வரை அறுநூறு ஆண்டு ஓடுகிறது. ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று பார்த்தால் ஐம்பது பக்கத்தில் அவர் செத்துப்போயிருப்பார். ஆளை விட்டுவிட்டு மதில்சுவரைப் பிடியுங்கள். யார் கட்டுகிறார், யார் காவல் காக்கிறார், யார் துளைபோட்டு நுழைகிறார், யார் இடிக்கிறார் என்று அந்தக் கோட்டையின் வரலாறாக வாசித்தால் அரசர் பகுதியும் தாதனூர் பகுதியும் ஒரே கதையாகிவிடும்.

செய்முறையாகச் சொல்கிறேன். ஒரு முழுத்தாளை மூன்று பத்தியாக மடித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் ஆண்டும் ஆட்சியும்: மாலிக் காபூர் படையெடுப்பு, குமார கம்பணன், விசுவநாத நாயக்கர், கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி), கலெக்டர்கள். இரண்டாவதில் அந்தக் காலத்தில் கோட்டைக்கு என்ன நடந்தது. மூன்றாவதில் தாதனூரில் யார் தலைமுறை. அத்தியாயம் முடிந்ததும் ஒரு வரி போதும், அதற்கு மேல் எழுதாதீர்கள். எழுத ஆரம்பித்தால் வாசிப்பு நின்றுவிடும். தலைமுறைகளைத் தாண்டும்போது பெயர்கள் குழம்பும். பெயரை மட்டும் எழுதாமல் ‘இன்னார் மகன்’ என்று சேர்த்தே குறியுங்கள். சடைச்சி கர்ப்பத்தோடு மதுரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள், பின்னால் வரும் ஊர் முழுக்க அங்கிருந்துதான் கிளைக்கிறது.

ஒரு நாளைக்கு 25 பக்கம் வைத்தால் ஆறு வாரத்தில் முடியும். அதைவிடக் குறைத்தால் மறதி முந்திக்கொள்ளும். புத்தகம் கனமானது, படுத்துக்கொண்டு வாசித்தால் கையும் வலிக்கும், தைப்பும் விடும். மேசையில் தலையணை வைத்து அதன்மேல் விரித்து வாசியுங்கள். புதிதாக வாங்கினால் முன்பக்கமும் பின்பக்கமும் மாற்றி மாற்றிப் பத்து பத்து பக்கமாக மெல்ல அழுத்திவிட்டுப் பிறகு நடுவுக்கு வாருங்கள். நேரடியாக நடுவில் விரித்தால் முதுகு பிளக்கும்.

இன்னொன்று, மதுரைக்காரருக்கு மட்டும் வாய்த்த வசதி. கோட்டை இடிப்புப் பகுதிக்கு வரும்போது நகர வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். இன்றைய நான்கு வெளி வீதிகளும் அந்தக் கோட்டை எல்லையைத்தான் காட்டுகின்றன. மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையைச் செய்தவர்களின் பெயர். விளக்குத்தூண் அந்தக் கலெக்டர் நினைவாக வைத்தது. பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே மேற்கு வாசலின் கொத்தளத் துண்டு ஒன்று இன்றும் நிற்கிறது. இவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு, காவல் தெய்வங்கள் கோட்டையை விட்டு இறங்கும் அத்தியாயத்தை வாசியுங்கள். தமிழில் ஒரு நகரத்தைப் பற்றி எழுதப்பட்ட மிக வலுவான பக்கங்களில் அதுவும் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

அப்படியும் அரசர் பகுதி இழுத்தால் தாதனூர் பகுதியை முதலில் முடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். அதற்கு முன் இரண்டு நடைமுறைகள் தெரிந்திருந்தால் போதும். ஒன்று காவல்கூலி: ஊர் ஆண்டுதோறும் கொடுக்கும், கொடுத்த ஊரில் களவு போனால் காவல்காரர் பொறுப்பு. மற்றது துப்புக்கூலி: களவு போன மாட்டை இடையாள் மூலம் மீட்க உரியவர் கொடுக்கும் தொகை. கும்பினியும் பிறகு வந்த போலீசும் இந்த இரண்டையும் ஒரே குற்றமாகப் பார்த்ததுதான் பின்பகுதியின் மோதல் முழுக்க. இதைத் தெரிந்துகொள்ளாமல் வாசித்தால் நாவல் களவுக்குப் பெருமை பாடுகிறது என்று தோன்றிவிடும். அந்தத் தவறான வாசிப்பு நிறைய நடந்திருக்கிறது. தாது வருடப் பஞ்சம் (1876–78) வரும் பக்கங்களை மட்டும் அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். குஞ்சரத்தம்மாள் கஞ்சி ஊற்றும் இடம் அங்கேதான்.

நாவல் நிற்கும் இடத்துக்குப் பின் நடந்தது தெரிய வேண்டுமானால் சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகளாக நடத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வரலாற்றுக்குப் போக வேண்டும். 1871இல் வடக்கே வந்த சட்டம் சென்னை மாகாணத்தில் 1911க்குப் பிறகுதான் இறங்கியது. அதை எதிர்த்தவர்கள் மேல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது 1920 ஏப்ரல் 3.


மாடக்குளத்தான்:

தொழில் தெரிந்து எழுதியது என்றால் சோ. தர்மனின் ‘சூல்’ இல்லாமல் இந்தப் பேச்சே கூடாதுங்க. 2019 சாகித்ய அகாதெமி. உருளைக்குடி என்ற ஊரும் அதன் கண்மாயும். கோவில்பட்டிப் பக்கத்துக் கதைதான். ஆனால் வைகைப் பாசனத்துக் கண்மாய்க்காரர்களுக்கும் ஒவ்வொரு வரியும் புரியும்.

அதை வாசிக்கத் தடங்கல் எங்கே வரும் என்றால், கண்மாயின் உறுப்புகள் தெரியாத வாசகருக்கு. அவர்களுக்காகச் சொல்கிறேன். வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். கரைக்கு உட்பக்கம் நீர் தேங்கும் பரப்பு உள்வாய். கரையின் அடியில் தண்ணீரை வயலுக்கு விடும் வழி மடை. கண்மாய் நிறைந்து மிஞ்சுவதைக் கரை உடையாமல் வெளியேற்றும் கல்கட்டு கலுங்கு. அதைத் தாண்டிப் போவதைத்தான் மறுகால் பாய்கிறது என்கிறோம், அது அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்து. மேல்கண்மாயில் கலுங்கை உயர்த்தினால் கீழ்க்கண்மாய் காயும். பாதி ஊர்ச்சண்டைக்குக் காரணம் இதுதான், நாவலில் மட்டுமல்ல.

பழைய மடைகளில் குமிழித்தூம்பு என்று ஒன்று உண்டு. தண்ணீருக்குள் நிற்கும் இரண்டு கல்தூண், நடுவில் கல்தொட்டி. தொட்டியின் மேல் துளை நீரோடி, தரையை ஒட்டிய துளை சேறோடி. மூடியைத் தூக்கும்போது தண்ணீரோடு அடியில் படிந்த வண்டலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகும். மூடியைத் திறக்க ஆள் முழுகித்தான் போக வேண்டும். இழுப்பில் மாட்டினால் உயிர் போகும். மடை காத்தவர்கள் தெய்வமாகி நிற்பதற்கு இந்த வேலையின் ஆபத்தே முதல் காரணம். இதை மனதில் வைத்து ‘சூல்’ வாசித்தால், மடை திறந்து தண்ணீர் பங்கிடும் நீர்ப்பாய்ச்சிக்கு ஊர் கொடுக்கும் மரியாதை வெறும் பழம்பெருமை அல்ல என்பது விளங்கும்.

தூர்வாருவதும் அப்படித்தான். கோடையில் ஊரார் வண்டி கட்டிக் கண்மாயில் படிந்த கரம்பை மண்ணை அள்ளி வயலில் கொட்டுவார்கள். கண்மாய்க்கு ஆழம், வயலுக்கு உரம். அந்த உரிமை ஊரிடமிருந்து அரசாங்கக் காகிதத்துக்குப் போனதும் கண்மாய் மேடாகிறது. சட்டம் பேசாமலே தர்மன் இதைக் கதையாகக் காட்டிவிடுகிறார். ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால், மனிதர்கள் நிறைய, கிளைக்கதைகள் நிறைய. முதல் நூறு பக்கத்தில் மையக் கதை எங்கே என்று தேடாதீர்கள். கண்மாய்தான் மையம், மற்றவர்கள் அதன் கரையில் வந்து போகிறவர்கள். ‘சூல்’ முடித்த பிறகு ‘காவல் கோட்டம்’ போனால் ஆள் மாறிக்கொண்டே இருக்கும் நாவலுக்குப் பழகிய கண்ணோடு போவீர்கள்.

வாடிவாசல் பற்றி ஒரு கூடுதல் குறிப்பு. இன்று அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூரில் திமிலை மட்டும்தான் பிடிக்கலாம். கொம்பு, வால், கால் தொட்டால் ஆளை வெளியேற்றுவார்கள். நாவல் காட்டுவது இந்த விதிமுறைகள் எதுவும் இல்லாத காலம். அந்தத் திடலை இன்றைய இரட்டைத் தடுப்பு வேலியோடு கற்பனை செய்தால் ஆபத்தின் அளவு குறைந்து தெரியும்.


பொன்மேனி:

தம்பி, சஞ்சாரம் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த நாவல் வாத்தியத்தைக் கற்றுக்கொடுக்க எழுதியதல்ல. பக்கிரியும் ரத்தினமும் ஊர் ஊராகப் போகிறார்கள், ஒவ்வொரு ஊரும் அவர்களை ஒவ்வொரு விதமாக நடத்துகிறது. அதுதான் அதன் வேலை, அதைச் சரியாகச் செய்கிறது. வாத்தியத்தின் நுட்பம் கொஞ்சம் தெரிந்துகொண்டு வாசித்தால் குறை தோன்றாது. நாதஸ்வரத்தில் சத்தம் பிறப்பது சீவாளியில். நாணலைப் பக்குவப்படுத்திச் செய்த அந்தச் சின்னத் துண்டு ஈரப்பதத்தைப் பொறுத்து இறுகும், தளரும். அதனால்தான் வாசிப்பவர் கழுத்தில் உதிரிச் சீவாளிகளைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார். உடல் ஆச்சா மரம், கீழே விரிந்த பகுதி அணசு. குட்டையான திமிரியில் சுருதி ஏறும், நீண்ட பாரியில் இறங்கும். விரல் வைக்கும் துளை ஏழு. இடைவிடாமல் ஊத வேண்டிய வாத்தியத்தை நடந்துகொண்டே, வெயிலில், சாமிக்கு முன்னால் மணிக்கணக்கில் வாசிப்பது எப்படிப்பட்ட உடலுழைப்பு என்று தெரிந்தால், அந்தக் கலைஞரை ஓரமாக உட்காரவைத்துச் சோறு போடும் காட்சி எப்படிச் சுடும் என்பதும் தெரியும்.

வேறு வகைக்குப் பரிந்துரை கேட்டீர்கள். இயற்கை பற்றிய வகையில் உல்லாஸ் கரந்த் எழுதிய ‘கானுறை வேங்கை’, தமிழில் சு. தியடோர் பாஸ்கரன். அறிவியல் நூலைத் தமிழில் எப்படித் தர வேண்டும் என்பதற்கு இதைத்தான் காட்டுவேன். காட்டு உயிர்களுக்கு இருக்கிற பழைய பெயர்களைத் தேடி எடுத்துப் பயன்படுத்துகிறார், புதிதாக உருட்டிச் செய்த கலைச்சொல்லால் அடைப்பதில்லை. புலி கணக்கெடுக்கும் முறையைக் கவனியுங்கள். புலியின் வரி கைரேகை மாதிரி, ஒன்றைப் போல் ஒன்று இராது. ஒரே புலிக்கே இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. அதனால் தானியங்கிக் கேமராவைத் தடத்தின் இரு பக்கமும் எதிரெதிராக வைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் ஒரே புலியை இரண்டாக எண்ணிவிடலாம். ஒரு புலிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஐம்பது இரை வேண்டும். அந்த ஐம்பது குறையாமல் கிடைக்கக் காட்டில் சுமார் ஐந்நூறு இரைவிலங்கு இருக்க வேண்டும். புலி ஏன் அழிகிறது என்பதற்கு வேட்டைக்காரனை மட்டும் காட்டாமல், மானும் காட்டெருதும் குறைவதைக் காட்டுவது இந்தக் கணக்குதான்.

நாவலுக்கு ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. மதுரையில் பத்திரிகை வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர், 1972இல் நூலாக வந்தது. களம் இரண்டாம் உலகப் போர்க்காலத்து மெடானும் (இந்தோனேசியா) பினாங்கும் (மலேயா). வட்டிக்கடைத் தொழிலின் உள்ளமைப்பு தெரிந்தால் எளிதாக இருக்கும்: கீழே பெட்டியடிப் பையன், அதற்கு மேல் அடுத்தாள், அதற்கு மேல் மேலாள். சம்பளமும் பொறுப்பும் அந்தப் படியில்தான் ஏறும். மலாய், டச்சுச் சொற்கள் தொடக்கத்திலேயே வரும். நின்று அகராதி தேடாதீர்கள், நான்கைந்து அத்தியாயத்தில் காது பழகிவிடும். நாயகன் பாண்டியன் போர்க்களத்திலிருந்து சின்னமங்கலத்தையும் மதுரைத் தெருக்களையும் நினைத்துப் பார்க்கும் பக்கங்கள் மொழியின் வேகத்துக்காகவே இரண்டு முறை வாசிக்க வேண்டியவை. அவருடைய முந்தைய நாவல் ‘கடலுக்கு அப்பால்’ (1959) சிறியது, நேர்க்கோட்டுக் கதை. முதலில் அதை வாசித்துவிட்டுத் தோணிக்கு வந்தால் தடுமாற்றம் பாதி குறையும்.

சிறுவர் வகையில் ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு, விலையும் குறைவு. பள்ளி ஆசிரியர் தொழில் தெரிந்தவர்களைக் காட்டும் புத்தகம் அது.


அரசரடி வாசகன்:

அக்கா, மாடக்குளத்து அண்ணே, யானைமலைத் தம்பி, மூவருக்கும் நன்றி. சீவாளி விவரத்தோடு சஞ்சாரத்தை இன்னொரு முறை எடுக்கிறேன். சூல் வாங்கப்போகிறேன், தமுக்கம் புத்தகக் காட்சி வரைக்கும் காத்திருக்கவா, மேலவெளி வீதி சர்வோதயாவில் இப்போதே வாங்கவா என்று யோசனை. கீழடி பற்றி யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். கூடவே, காவல் கோட்டத்தில் வரும் இரவுக் காவலுக்கும் களவுக்கும் சங்கப் பாட்டில் ஏதாவது உண்டா?


நத்தம் ரோடு:

சூலுக்காகக் காத்திருக்க வேண்டாம். புத்தகக் காட்சியில் கிடைக்கும் பத்து சதவீதக் கழிவு காவல் கோட்டம் மாதிரிக் கனமான நூல்களுக்குத்தான் கணிசமாகத் தெரியும். வாங்குவதற்கு முன் புரட்டிப் பார்க்க வேண்டுமானால் புது நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

கீழடிக்கு வருகிறேன். 2018இல் நடந்த நான்காம் கட்ட அகழாய்வில் எடுத்த ஆறு கரிம மாதிரிகளை அமெரிக்காவில் மியாமியில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரிக்கு வந்த தேதிதான் கி.மு. 580. 200 செ.மீ. ஆழத்து மாதிரிக்கு கி.மு. 205. அதாவது தேதி அந்தந்த ஆழத்தில் கிடைத்த கரித்துண்டுக்கு உரியது. மேலே இரண்டு மீட்டரில் கிடைத்த பானை ஓட்டையும் கி.மு. 580 என்று சொல்லக் கூடாது. அதே போல 353க்குக் கீழும் மண்ணடுக்கு இருந்தால் அதன் காலம் இன்னும் பழையதாக இருக்கலாம். ஊடகங்களில் குழப்பம் வருவது இங்கேதான்: ஒரு மாதிரியின் தேதியை முழுத் திடலுக்கும் போட்டுவிடுகிறார்கள்.

அந்த வெளியீட்டை வாசிக்கும்போது படங்களை முதலில் பார்க்கத்தான் கை போகும். அதை விட்டுவிட்டுக் காலக்கணிப்பு அட்டவணையை முதலில் பாருங்கள். பிறகு ஒவ்வொரு பொருளும் எந்தக் குழியில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்று தேடுங்கள். எழுத்துப் பொறித்த 56 பானை ஓடுகளைப் பற்றிய பகுதிக்கும் இதே முறைதான். ஆழம் சொல்லப்பட்ட ஓட்டுக்குத் தனி மதிப்பு. ஆழம் தெரியாத பொருள் அழகாக இருக்கலாம், காலம் பேசாது. 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தில் அதே பொருள்களைப் பார்க்கும்போது கையில் அட்டவணை இருந்தால் பலகைகளில் எழுதியிருப்பதைச் சரிபார்த்துக்கொண்டே போகலாம். நகரிலிருந்து தென்கிழக்கே 12 கி.மீ. தான்.

இரவுக் காவலுக்கு மதுரைக்காஞ்சிதான். மாங்குடி மருதனார் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாடியது, 782 அடி, பத்துப்பாட்டில் மிக நீளமானது. 630ஐ ஒட்டிய அடிகளில் நள்ளிரவு வருகிறது. கள்வர் இருளோடு இருளாக நிற்கிறார்கள், இடுப்பில் நூலேணியைச் சுற்றியிருக்கிறார்கள், கையில் நிலத்தை அகழும் உளி. காவல் கோட்டத்தில் கன்னம் வைக்கும் (சுவரில் துளைபோட்டு நுழையும்) இடங்களை வாசித்துவிட்டு இதைப் பாருங்கள், கருவியின் வேலை மாறவே இல்லை. காவலர் பகுதி அதைவிட நுட்பம். அவர்கள் தூங்காதவர்கள், அஞ்சாதவர்கள் என்பதோடு களவுத் தொழிலின் நூலையே கற்றவர்கள் என்கிறார் புலவர். மழை பெய்து தெருவில் நீர் ஓடும் நடுநிசியிலும் சுற்று தவறுவதில்லை. களவு தெரிந்தவனே காவலுக்கு ஏற்றவன் என்ற தாதனூர் நியாயம் அன்றைக்கே பாட்டில் இருக்கிறது.

முதல் அடியிலிருந்து தொடங்கினால் முன்னோர் புகழும் போர்க்களமும் நீண்டுகொண்டே போகும், நகரம் வருவதற்குள் பலர் மூடிவிடுகிறார்கள். அடி 330 அளவில் இறங்குங்கள். அங்கிருந்து தெருக்கள், நாளங்காடி (பகல் கடைவீதி), மாலையில் அல்லங்காடி (இரவுக் கடைவீதி), இரவின் யாமங்கள், விடியல் என்று நேர வரிசையிலேயே நகரம் விரியும். ஒரு நாளைக்கு நாற்பது அடி எடுத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் விடியலுக்கு வந்துவிடலாம். அதன் பிறகு முதல் பகுதிக்குத் திரும்புங்கள்.

உரை தேர்வதில் கவனம் வேண்டும். நச்சினார்க்கினியர் மதுரைக்காரர், பெரும் உரையாசிரியர். ஆனால் தூரத்தில் கிடக்கும் அடிகளை எடுத்து ஒன்றோடொன்று பொருத்திப் பொருள் சொல்வார். பாட்டின் ஓட்டத்தில் வாசிக்க நினைக்கும் புதியவர் அந்த இடத்தில் வழி தவறிவிடுவார். பொ.வே. சோமசுந்தரனார் உரை அடி வரிசையிலேயே போகும், சொற்பொருளும் தனியாகக் கிடைக்கும். மூலம் மட்டும் போதுமென்றால் மதுரைத் திட்டத்தின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. உரையோடு வேண்டுமானால் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் தேடுங்கள். முதல் வாசிப்புக்குச் சோமசுந்தரனார். உ.வே.சா. 1889இல் பதிப்பித்த நச்சினார்க்கினியர் உரையை இரண்டாவது சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.